ஹெல்ரெய்சர் ஐந்தாம் பாகம்: திரையரங்குக்கே வராத படத்தைப் பார்க்கலாமா?

கேள்வி: "ஹெல்ரெய்சர்" திகில் பட வரிசையில் முதல் இரண்டு படங்களும் எனக்குப் பிடித்திருந்தன. ஐந்தாவதாக வந்த "இன்ஃபெர்னோ" (2000) திரையரங்கில் வெளியாகாமல் நேராக வீடியோவாக வந்தது என்கிறார்கள். சிலர் அதைக் குப்பை என்கிறார்கள், சிலர் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். பார்ப்பது வீண் வேலையா? இடையில் உள்ள மூன்றாவது, நான்காவது படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா?

பதில்:

பார்க்கலாம். வீடியோவுக்கென்றே எடுக்கப்பட்ட ஹெல்ரெய்சர் படங்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான். ஆனால் இந்த வரிசையின் அடையாளமான, தலையெங்கும் ஆணி அடித்த பின்ஹெட்டைப் பார்க்கும் ஆசையில் உட்காராதீர்கள். ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இந்தப் படத்தில் ஆணிமுகத்தார் தலைகாட்டுவது சில நிமிடங்கள் மட்டுமே. மீதி நேரமெல்லாம் ஒரு ஊழல் போலீஸ்காரன் கொலையாளி ஒருவனைத் தேடி அலையும் இருண்ட துப்பறியும் கதை. அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டால் படம் உங்களைக் கைவிடாது.

மூன்றையும் நான்கையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கதையில் அவற்றின் தொடர்ச்சி என்று எதுவும் கிடையாது. புதிர்ப்பெட்டி ஒன்று உண்டு, அதைத் திறந்தால் பின்ஹெட் தலைமையில் செனோபைட்கள் என்ற நரக உயிர்கள் வரும் என்பது தெரிந்தால் போதும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்தப் படம் ஏன் திரையரங்குக்கு வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தின் நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 1987இல் கிளைவ் பார்க்கர் தன்னுடைய குறுநாவலைத் தானே இயக்கி, ஏறத்தாழ பத்து லட்சம் டாலரில் முதல் படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. 1992இல் வந்த மூன்றாம் பாகம் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பின்ஹெட்டை நிறையப் பேசவிட்டு, ஒரு சாதாரண அரக்கனாக்கிவிட்டது. நான்காம் பாகமான "பிளட்லைன்" (1996) அதைவிடப் பரிதாபம். இயக்குநர் கெவின் யேகர் தயாரிப்பு நிறுவனத்தோடு முரண்பட்டு விலகினார். வேறொருவர் வந்து காட்சிகளைத் திருத்தி எடுத்தார். கடைசியில் இயக்குநர் என்ற இடத்தில் ஆலன் ஸ்மிதி என்று போட்டார்கள். அந்தப் பெயரில் ஆளே கிடையாது. தன் படம் தனதில்லை என்று கைகழுவும் ஹாலிவுட் இயக்குநர்களுக்காக அவர்களுடைய சங்கம் வைத்திருந்த புனைபெயர் அது. அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு கோடி டாலரைக்கூட எட்டவில்லை.

தயாரிப்பு நிறுவனமான டைமென்ஷன் ஃபிலிம்ஸ் அப்போது போட்ட கணக்கு எளிமையானது. இந்தப் பெயருக்கு விசுவாசமான ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆனால் திரையரங்கை நிரப்பும் அளவுக்கு இல்லை. பிரதிகளுக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவு படத்தின் செலவைத் தாண்டிவிடும். வீடியோ கடை அலமாரிக்கு அந்தச் செலவு தேவையில்லை. அந்தக் காலத்தில் வாடகைக் கடைகளுக்கு வரும் விஎச்எஸ் கேசட்டின் பட்டியல் விலை நூறு டாலரை ஒட்டி இருக்கும். கடைக்காரர் அதை வாங்கி, வாடகைக்கு விட்டு விட்டுப் போட்ட காசை எடுத்துவிடுவார். டிவிடியும் பரவத் தொடங்கியிருந்த நேரம். சிக்கனமாக எடுத்து, தெரிந்த பெயரையும் தெரிந்த முகத்தையும் அட்டையில் போட்டுவிட்டால் நஷ்டம் வருவது கடினம். இவ்வகைப் படங்கள் பலவற்றில் கதைக்குச் செலவிட்ட யோசனையைவிட அட்டைக்குச் செலவிட்ட யோசனை அதிகமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இதன் தீமைகளை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சுவாரசியமானது வேறொன்று. பெயர், அரக்கன், தேவையான நீளம் ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால், நடுவில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்குப் பெரிய கவலை இருக்காது. பெரிய படத்தில் ஒரு புதிய இயக்குநரை யாரும் விடாத அளவுக்கு இங்கே விட்டுவிடுவார்கள். அந்த அலட்சியத்தின் நல்ல விளைவாகவே நான் இன்ஃபெர்னோவைப் பார்க்கிறேன்.

இயக்கியவர் ஸ்காட் டெரிக்சன். ஆம், பின்னாளில் "டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்" (2016) எடுத்த அதே டெரிக்சன்தான். அவருடைய முதல் முழுநீளப் படம் இது. டென்வரில் பிறந்தவர், தெற்குக் கலிஃபோர்னியாவில் உள்ள பயோலா என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு அதே மாநிலத்தில் திரைப்படக் கல்வி பெற்றவர். தன் மத நம்பிக்கையை மறைக்காமல் பேசுபவர். பால் ஹாரிஸ் போர்ட்மேனோடு சேர்ந்து இதன் திரைக்கதையை எழுதினார். ஐந்தாண்டு கழித்து வந்த "தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்" படத்தையும் இந்த இருவரே எழுதினார்கள். இந்த விவரத்தை மனத்தில் வையுங்கள். நரகம், பாவம், மனசாட்சி ஆகியவற்றை உண்மையாகவே நம்பும் ஒருவர் கையில் ஹெல்ரெய்சர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் படம்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஜோசப் தோர்ன் டென்வர் நகரத் துப்பறியும் காவலர். சதுரங்கமும் புதிர்களும் பிடித்த மூளைக்காரன். வீட்டில் மனைவியும் மகளும் இருக்க, வெளியே கொகெய்னும் விலைமாதரும். கைப்பற்றிய பணத்திலும் போதைப்பொருளிலும் தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வான். ஒரு கொலை நடந்த இடத்துக்குப் போகிறான். கொல்லப்பட்டவன் அவனோடு பள்ளியில் படித்தவன், கொக்கிகளால் கிழிக்கப்பட்டிருக்கிறான். அங்கே ஒரு குழந்தையின் விரல் கிடைக்கிறது. அந்தக் குழந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. கூடவே ஒரு பெட்டியும் கிடைக்கிறது. அன்றிரவு ஒரு பெண்ணோடு மோட்டலில் தங்குபவன், குளியலறைத் தரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவனைச் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஒவ்வொரு பிணத்தின் அருகிலும் அதே குழந்தையின் இன்னொரு விரல்.

இதற்கு மேல் நீங்கள் எதையும் படிக்காமல் பார்ப்பது நல்லது. கதைச் சுருக்கம் என்று எங்கே தேடினாலும் முடிவையும் சேர்த்தே போட்டிருப்பார்கள்.

படத்தில் நன்றாக இருப்பவற்றைச் சொல்கிறேன். பெட்டி திறந்தபின் வரும் கனவுக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கண்கள் மூடிய முகத்தோடு இரண்டு பெண் செனோபைட்கள் தோர்னை நெருங்கி, அவன் மார்புத் தோலுக்கு அடியிலேயே கையை விட்டுத் தடவுகின்றன. இன்பமா வலியா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்கரின் முதல் படத்துக்கு மிக அருகில் இந்தப் படம் வரும் இடம் அதுதான். முதல் படத்தில் பற்களைக் கடித்துக்கொண்டே இருக்குமே, அந்த செனோபைட்டும் வருகிறது; இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் கைகளால் தரையில் ஊர்ந்து வருகிறது. இதையெல்லாம் செய்தவர் ஒப்பனைக் கலைஞர் கேரி டனிக்ளிஃப். மூன்றாம் பாகத்திலிருந்தே இந்த வரிசையோடு இருப்பவர். கையில் இருந்த சொற்பப் பணத்தில் அவர் செய்திருப்பது பாராட்டுக்குரியது.

இன்னொன்று, கனவையும் நனவையும் பிரிக்காமல் விடும் விதம். தோர்ன் ஒரு கதவைத் திறக்கிறான், உள்ளே இருக்கக் கூடாத அறை இருக்கிறது. காட்சி முடிந்ததும் எந்தத் தடயமும் இல்லை. மருத்துவமனை, முதியோர் இல்லம், ஐஸ்கிரீம் விற்பவனின் வண்டி என்று சாதாரண இடங்களிலேயே பயம் வருகிறது. 1987இல் வந்த "ஏஞ்சல் ஹார்ட்" பார்த்தவர்களுக்கு இந்தப் பாதை எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்துவிடும். டெரிக்சன் அதை ஒளிக்க முயலவும் இல்லை. தோர்னாக நடிக்கும் கிரெய்க் ஷெஃபர், பார்க்கர் 1990இல் இயக்கிய "நைட்பிரீட்" படத்தின் நாயகன். தோர்னை நமக்குப் பிடித்தவனாக்க அவர் கொஞ்சமும் முயலவில்லை. அது சரியான முடிவு. காவல்துறை மனநல மருத்துவராக வரும் ஜேம்ஸ் ரெமார் தாழ்ந்த குரலில் பேசியே அச்சமூட்டுகிறார். நடிகர்களில் அவருக்குத்தான் என் முதல் மதிப்பெண்.

இசையைப் பற்றி ஒரு வேடிக்கைச் செய்தி. முதல் இரண்டு படங்களில் கிறிஸ்டோஃபர் யங்கின் பெரிய வாத்தியக் குழு ஒலித்தது. இதில் வால்டர் வெர்சோவாவின் மின்னணு ஒலிகள். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலையைக் கேட்காதவர்கள் குறைவு: இன்டெல் நிறுவன விளம்பரங்களின் கடைசியில் வரும் அந்தச் சிறு மணியோசை அவர் அமைத்ததுதான்.

இனிக் குறைகள். தோர்னின் குரலில் பின்னணி விவரணை ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணால் பார்ப்பதையே காதிலும் சொல்கிறது. நடுவில் காட்டுக்குள் ஒரு விடுதி, அங்கே கௌபாய் தொப்பி அணிந்து சீட்டாடும் ஆட்கள், அவர்கள் திடீரென்று கராத்தே அடி அடிப்பது என்று ஒரு காட்சி வருகிறது. அதை நியாயப்படுத்த முயன்றவர்களின் வாதங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அது இன்றும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. தோர்னின் சகாவாக வரும் நிக்கோலஸ் டர்ட்டுரோ நல்ல நடிகர், ஆனால் அவரை எழுதியவர்கள் பாதியில் மறந்துவிட்டார்கள். பணத் தட்டுப்பாடும் தெரிகிறது. டென்வர் என்கிறார்கள், ஆனால் ஒரு பெருநகரக் காவல்துறை இவ்வளவு ஆள் குறைவாக இயங்குமா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் இந்தப் படத்தின் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் உண்மையான கோபம் இவற்றில் எதுவும் அல்ல. அது கடைசிக் கால் மணி நேரத்தைப் பற்றியது. (முடிவைச் சொல்லாமலே பேசுகிறேன்.) அங்கே பின்ஹெட் வந்து நின்று தோர்னின் வாழ்க்கையை எடுத்து அவனுக்கே விளக்குகிறார். நீ இன்னின்னது செய்தாய், அதனால் இன்னின்னது நடந்தது என்று ஒரு தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. பார்க்கர் படைத்த உலகில் தீர்ப்பு என்பதே கிடையாது. செனோபைட்கள் யாரையும் தண்டிக்க வருவதில்லை. அனுபவத்தின் எல்லையைத் தேடிப் போனவர்கள் அவர்கள், தேடி வருகிறவர்களை அந்த எல்லைக்குக் கூட்டிப்போகிறார்கள், அவ்வளவுதான். சிலருக்குப் பேய்கள், சிலருக்குத் தேவதூதர்கள் என்று முதல் படத்தில் பின்ஹெட்டே தங்களை அறிமுகப்படுத்துகிறார். நல்லவன் கெட்டவன் என்ற கணக்கே அங்கே இல்லை. அந்த அமைதியான, அக்கறையற்ற உருவத்தைக் கொண்டுவந்து சித்திரகுப்தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார் டெரிக்சன். பார்க்கருக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். டெரிக்சனும் வெளிப்படையாகவே பதில் சொன்னார்.

பார்க்கர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கு இரண்டாம் பாகம் பிடித்தது என்றீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பெட்டியைத் திறந்த ஃபிராங்க் அங்கே நரகத்தில் அனுபவிக்கும் வேதனை அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது: அவன் காலமெல்லாம் விரும்பியது கண்ணெதிரே இருக்கும், கைக்குக் கிடைக்காது. பெட்டியைத் திறந்த பேசாச் சிறுமியைப் பின்ஹெட் விட்டுவிடுகிறார். தங்களை அழைப்பது கைகள் அல்ல, ஆசை என்கிறார். ஆளுக்கொரு நரகம் என்ற விதை அங்கேயே விழுந்துவிட்டது. டெரிக்சன் செய்தது, அந்த நரகத்தை ஒரு மனிதனின் உள்ளே முழுவதுமாகக் கொண்டுபோய் வைத்தது. அதற்கு ஒரு நீதியைக் கட்டியதில்தான் அவர் பார்க்கரிடமிருந்து பிரிகிறார். மூன்றாம் படமும் நான்காம் படமும் பார்க்கரின் சாமான்களை எல்லாம் வைத்துக்கொண்டு சொல்வதற்கு எதுவும் இல்லாமல் நின்றன. இதில் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது, நமக்கு அது ஒப்புதல் இல்லை என்றாலும்.

பின்ஹெட் வரும் நேரம் குறைவு என்ற புகாரை மட்டும் நான் ஏற்பதில்லை. முதல் படத்திலும் அவர் வருவது சில நிமிடங்களே. அந்தப் படத்தின் எழுத்தோட்டத்தில் பின்ஹெட் என்ற பெயர்கூட இல்லை. தலைமை செனோபைட் என்றுதான் டக் பிராட்லியைக் குறிப்பிட்டிருந்தார்கள். குறைவாகக் காட்டியதால்தான் அந்த முகம் மனத்தில் நின்றது. அதிகம் காட்டி என்ன ஆயிற்று என்பதற்கு மூன்றாம் பாகமே சாட்சி.

டெரிக்சனின் "சினிஸ்டர்" (2012) பார்த்திருந்தால் இந்தப் படம் இன்னும் ருசிக்கும். அதில் ஈதன் ஹாக் நடிக்கும் எழுத்தாளர், புத்தகம் எழுதுவதற்காகக் கொலை நடந்த வீட்டிலேயே மனைவி மக்களைக் கொண்டுபோய்க் குடிவைக்கிறார், அவர்களிடம் சொல்லாமல். தன் வேலையில் கெட்டிக்காரனாக இருக்கும் ஒருவன், அதே வேலையை மறைப்பாக வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களைப் பலிகொடுப்பது, ஒரு குழந்தை அதற்கு விலை கொடுப்பது. இன்ஃபெர்னோவில் தடவித் தடவி எழுதியதை அங்கே கைதேர்ந்து எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு இயக்குநர் முதல் படத்திலேயே தன் பொருளைக் கண்டுபிடித்துவிட்டது தெரியும். அவருடைய பிற்காலப் படங்கள் பிடித்த ஒருவருக்கு, ஹெல்ரெய்சரில் அக்கறையே இல்லை என்றாலும், இன்ஃபெர்னோவைப் பார்க்க இது ஒன்றே போதிய காரணம்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். விரைவான திகில் எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் அரை மணி நேரமே அலுத்துவிடும். குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் கதைகளைப் பார்க்க முடியாதவர்கள் தவிர்த்துவிடுங்கள்; அந்த விரல்கள் படம் முழுக்க வருகின்றன. போதைப்பொருள், உடலுறவு, கொலைகளின் கோரம் எல்லாம் இருப்பதால் வீட்டில் எல்லோரும் கூடி உட்காரும் நேரத்துக்கு ஏற்றதும் அல்ல.

இது பிடித்துப்போய் அடுத்தவற்றுக்கும் போகலாமா என்று கேட்பீர்கள். ஆறாம் பாகமான "ஹெல்சீக்கர்" (2002) இதே அச்சில் வார்த்தது. நினைவு குழம்பிய ஒருவன், குற்ற உணர்வு, கனவா நனவா என்ற அதே ஆட்டம். முதல் இரண்டு படங்களின் நாயகி கிர்ஸ்டியாக ஆஷ்லி லாரன்ஸ் திரும்பி வருவது மட்டுமே அதற்கு ஒரு பெருமை. அவருக்காக ஒருமுறை பார்க்கலாம். 2005இல் வந்த ஏழும் எட்டும் ருமேனியாவில் படமாக்கப்பட்டவை. ஏழாவது படம் சம்பந்தமே இல்லாத வேறொரு திரைக்கதையில் பெட்டியையும் பின்ஹெட்டையும் செருகி உருவாக்கியது. செருகிய தையல் வெளியே தெரிகிறது. எட்டாவதில், பின்னாளில் சூப்பர்மேனாக வந்த ஹென்றி கேவில் இளைஞராக வருகிறார். அதற்கு மேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

ஒன்பதாவது படமான "ரெவலேஷன்ஸ்" (2011) பக்கமே போகாதீர்கள். உரிமை கைநழுவிவிடக் கூடாது என்பதற்காக அவசரமாகச் சில வாரங்களில் எடுத்தது அது. எட்டுப் படங்களில் பின்ஹெட்டாக வந்த பிராட்லி இதில் நடிக்க மறுத்துவிட்டார். கிளைவ் பார்க்கரின் மூளையிலிருந்து வந்த படம் என்று யாராவது சொன்னால் அது பொய் என்று பார்க்கர் ட்விட்டரில் எழுதினார். உடம்பின் வேறெந்தப் பகுதியிலிருந்தும்கூட அது வரவில்லை என்று அடுத்த வரியில் அவர் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.